இறந்தவருக்கு ‘ஹேஸ்’ உண்டா?

‘ஐன்ஸ்டைன் ஹேஸ் விசிட்டட் பிரின்ஸ்டன்.’ பாடப்புத்தக விதிப்படி இந்த வாக்கியத்தில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர் காதில் உறுத்தும். ஐன்ஸ்டைன் 1955-லேயே காலமாகிவிட்டாரே! ‘பிரின்ஸ்டன் ஹேஸ் பீன் விசிட்டட் பை ஐன்ஸ்டைன்’ என்று புரட்டிப் போட்டால் உறுத்தல் போய்விடுகிறது. ஆள் போனாலும் ஊர் இருக்கிறது அல்லவா? இந்த வேடிக்கையைச் சுட்டிக்காட்டியவர் மொழியியலாளர் நோம் சாம்ஸ்கி.

சாவி நேற்று தொலைந்ததைக் கதையாகச் சொன்னால் ‘லாஸ்ட்’. அதே சாவி இல்லாமல் பூட்டிய கதவின் முன் நின்று புலம்பினால் ‘ஹேவ் லாஸ்ட்’. சாவியும் ஒன்றுதான், தொலைந்த நொடியும் ஒன்றுதான். அப்படியானால் மாறியது எது?

1947-இல் இதற்கு விடை தந்தவர் ஒரு தத்துவவாதி: ஹிட்லர் ஆட்சியில் பெர்லின் வேலையை இழந்து, இஸ்தான்புல் போய், பிறகு அமெரிக்கா சேர்ந்த ஹான்ஸ் ரைஷன்பாக். நடந்த நேரம், பேசும் நேரம் ஆகிய இரண்டோடு, எங்கே நின்று பார்க்கிறோம் என்ற மூன்றாவது நேரத்தையும் சேர்த்தார். ‘லாஸ்ட்’ என்ற சிம்பிள் பாஸ்டில் பார்வை நடந்த நேரத்துக்கே போய்விடுகிறது. ‘ஹேவ் லாஸ்ட்’ என்ற பிரசன்ட் பெர்ஃபெக்டில் அது இன்றை விட்டு நகர்வதில்லை.

கடந்துபோனது இருக்கிறதா, இல்லையா என்ற பழைய வழக்கு இங்கேதான் குறுக்கிடுகிறது. நிகழ்காலம் மட்டுமே மெய் என்பது ஒரு கட்சி. 1921-உம் இன்றைப் போலவே இருக்கிறது, நாம்தான் வேறிடத்தில் நிற்கிறோம் என்பது எதிர்க்கட்சி. இறந்தவருக்கு ‘ஹேஸ்’ மறுக்கும் ஆங்கிலக் காதைக் கேட்டால் முதல் கட்சிக்கு ஓட்டுப் போடுவதுபோல் தோன்றும். தமிழோ இந்த விஷயத்தில் தாராளம். ‘காந்தி 1921-இல் மதுரைக்கு வந்திருக்கிறார்’ என்று ஆண்டையும் சேர்த்தே சொல்லலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். (நம் பிள்ளைகள் ‘ஐ ஹேவ் சீன் ஹிம் எஸ்டர்டே’ என்று எழுதிச் சிவப்பு மை வாங்குவதில் இந்தத் தாராளத்துக்கும் பங்கு உண்டு.) ஆளுக்கொரு விதமாகச் சொல்லும் சாட்சிகளை நம்பிக் காலத்தின் இயல்பைத் தீர்மானிக்க முடியாது.

இலக்கணத்தைவிட வலுவான சாட்சி ஒன்றை 1959-இல் ஒரு கட்டுரையில் கொண்டுவந்தார் தத்துவவாதி ஆர்தர் பிரையர்: நிம்மதி. பல் பிடுங்கி முடிந்ததும் ‘அப்பாடா, முடிந்தது!’ என்கிறோம். ‘இத்தனாம் தேதி முடிகிறது’ என்பது பிடுங்குவதற்கு முன்பே உண்மைதான். அதற்கு யாரும் பெருமூச்சு விடுவதில்லை. ஆகவே ‘முடிந்தது’ என்பதில் தேதிக்கு அடங்காத ஏதோ இருக்கிறது என்பது அவர் வாதம். எதிர்க்கட்சிக்காரரான ஹியூ மெல்லர் 1981-இல் பிரையரின் கட்டுரைத் தலைப்பையே வைத்து மறுப்புக் கட்டுரை எழுதினார்.