கட்டுகிறவர் யார்?

தம்பி கேட்டது சின்ன விஷயம்தான். "அக்கா, உன் பேர்ல ஒரு லைன் எடுத்துத் தா. மாசாமாசம் நான் கட்டிடுறேன்." கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு கடையில் பசியாறிக்கொண்டிருந்தோம். அவனுக்குப் பத்தொன்பது வயது. பகுதி நேர வேலை, கையில் சம்பளச் சீட்டு இல்லை. என் பெயரில் 24 மாத ஒப்பந்தம் போட்டால் அன்றைக்கே புது போன் கைக்கு வந்துவிடும்.

நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். "ஒப்பந்தமே வேணாம்டா. காசு சேர்த்து லோ யாட்ல போய் முழுசா வாங்கு. முப்பத்தஞ்சு வெள்ளிக்கு ப்ரீபெய்ட் போட்டுக்க. பிடிக்கலயா, அடுத்த நாளே வேற சிம். யாருக்கும் கட்டுப்பட்டுக் கிடக்க வேணாம்."

அவன் தோசையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்: "உன்னோடத அம்மாதானே கட்டினாங்க."

அதற்குப் பிறகு நான் பேசவில்லை. பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் என் அறைக்குத் திரும்ப கோமுட்டரில் உட்கார்ந்தபோதும் அந்த வாக்கியம் கூடவே வந்தது.

அவன் சொன்னது உண்மை. 2019 செப்டம்பரில், முதல் வேலை கிடைத்த சந்தோஷத்தில், மாதம் 128 வெள்ளிக்கு 24 மாதம் கையெழுத்துப் போட்டேன். முன்பணம் 300. மொத்தம் 3,372 வெள்ளி. அதே போனை 2,100 கொடுத்துக் கடையில் வாங்கி, 35 வெள்ளி ப்ரீபெய்ட் போட்டிருந்தால் 2,940தான் ஆகியிருக்கும். இந்தக் கணக்கை நான் போட்டது ஒப்பந்தம் முடிந்த பிறகு.

ஐந்தாவது மாதம் போனின் கண்ணாடி உடைந்தது. 2020 மார்ச் 18 அன்று நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அடுத்த சில வாரங்களில் வேலையும் போனது. ஏப்ரல் 1 முதல் வங்கிக் கடன்களுக்கு ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பு கிடைத்தது. போன் பில் வங்கிக் கடன் இல்லையே. அது மாதாமாதம் வந்தது. இடையில் நிறுத்தினால் அபராதம். ஏழு மாதம் நான் கட்டியிருந்தேன். அடுத்த பதினோரு மாதம் அம்மா கட்டினார்.

யோசித்துப் பார்த்தால், அன்றைக்குக் கடையில் கையெழுத்துப் போட்டவளும் பிறகு வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தவளும் ஒரே ஆளா? டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984இல் வந்த தன் நூலில் ஒரு ரஷ்ய இளைஞனைக் கற்பனை செய்கிறார். பிற்காலத்தில் பெரும் நிலம் அவனுக்கு வந்து சேரப்போகிறது. அதை விவசாயிகளுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்பது இன்றைய அவன் கொள்கை. வயதானால் மனம் மாறிவிடும் என்று பயந்து, இப்போதே பத்திரம் எழுதி வைக்கிறான். தன் சம்மதம் இல்லாமல் அதை ரத்து செய்ய முடியாது என்ற அதிகாரத்தை மனைவியிடம் கொடுக்கிறான். பிற்காலத்தில் நானே வந்து கேட்டாலும் சம்மதிக்காதே, அவன் நான் இல்லை என்கிறான்.

நானும் கிட்டத்தட்ட அதையே செய்தேன். வரப்போகிற ஒருத்தியைக் கேட்காமல் கட்டிப்போட்டேன். அந்த ரஷ்யன் தன் நாளைய ஆளைத் தன் கொள்கைக்குக் கட்டிப்போட்டான். நான் கட்டிப்போட்டது ஒரு கண்ணாடித் திரைக்கு. ஆசைப்பட்டது ஒருத்தி, விலை கொடுத்தது இன்னொருத்தி. அதனால்தான் ரொக்கம் கொடுத்து வாங்குவது நேர்மையானது என்று நம்ப ஆரம்பித்தேன். 2023இல் லோ யாட்டில் 1,299 வெள்ளியை எண்ணிக் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அமெரிக்காவில் பூட்டு போனிலேயே இருந்தது. 2013 ஜனவரி முதல், புதிதாக வாங்கிய போனை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது அங்கே சட்டவிரோதம். மக்கள் கொதித்தார்கள். 2014 ஆகஸ்டில் தனிச் சட்டம் போட்டு அதை மாற்றினார்கள். பிரிட்டனில் 2021 டிசம்பர் முதல் பூட்டிய போனை விற்கவே முடியாது. நம் ஊரில் ஒப்பந்தத்தில் வாங்கும் போன்கூடப் பெரும்பாலும் பூட்டில்லாமல்தான் வரும். 2008 முதல் எண்ணையும் வேறு நிறுவனத்துக்குக் கொண்டுபோகலாம். போன் சுதந்திரமாக இருக்கிறது, எண் சுதந்திரமாக இருக்கிறது. பூட்டு ஆள் மேல் இருக்கிறது.

இந்த இடத்தில் மலேசியத் தமிழர் யாருக்கும் தோட்டம் ஞாபகம் வராமல் இருக்காது. 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறை 1938 வரை நீடித்தது. கங்காணி கூட்டிவந்தவர் சட்டப்படி ஒரு மாத முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகலாம். ஆனால் ஊரிலேயே வாங்கிய முன்பணம் இருக்கும், கடைப் பற்று இருக்கும். கதவு திறந்துதான் இருந்தது, கால்தான் நகரவில்லை. என் போன் பில்லை அந்த வாழ்க்கையோடு ஒப்பிட்டால் பாட்டி சிரிப்பார். சிரிக்க வேண்டியதுதான். நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று: சட்டத்தில் இருக்கும் சுதந்திரமும் கையில் காசு இருந்தால் வரும் சுதந்திரமும் வேறு வேறு.

தம்பியிடம் நான் காட்டிய சுதந்திரம் இரண்டாவது வகை. 1,299 வெள்ளி மொத்தமாக இருப்பவருக்கு மட்டுமே அது கிடைக்கும். இல்லாதவரைப் பார்த்து "கட்டுப்படாதே" என்பது அறிவுரை இல்லை, ஒரு வகைத் திமிர். ஒப்பந்தத்தையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. யாரும் என்னை நம்பாத வயதில் முதல் நாளே போனைக் கையில் கொடுத்தது அதுதான்.

சரி, அம்மா எதிலிருந்து கட்டினார்? கூட்டுப் பணத்திலிருந்து. பத்துப் பெண்கள், ஆளுக்கு மாதம் 200 வெள்ளி. ஒவ்வொரு மாதமும் ஒருவர் 2,000 எடுப்பார். 1971இல் நாடாளுமன்றம் இதற்கென்றே ஒரு தடைச் சட்டம் போட்டது. அதன் ஆங்கிலப் பெயரிலேயே 'கூட்டு' என்ற சொல் இருக்கிறது. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்வது குற்றம். ஏமாந்தவர்கள் ஏராளம், சட்டம் சும்மா வரவில்லை. அம்மாவின் கூட்டில் தரகு இல்லை, பத்திரமும் இல்லை. அம்மாவின் முறை ஒன்பதாவது மாதம். என் வேலை போனது தெரிந்ததும், அந்த மாதம் எடுக்க வேண்டிய அக்கா போன் பண்ணி, "நீங்க எடுத்துக்குங்க, எனக்கு அப்புறம் போதும்" என்றாராம்.

கூட்டும் கடன்தான். முதலில் எடுத்தவர் கடைசி மாதம் வரை கட்டியே ஆகவேண்டும். தெரிந்த முகம் என்பதால் அது நல்லது என்றும் சொல்ல மாட்டேன். கங்காணியும் தெரிந்த முகம்தான், பல பேருக்குச் சொந்த ஊர்க்காரர். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. கங்காணியின் கணக்கில் ஒருவர் எப்போதும் கொடுத்தவர், மற்றவர் எப்போதும் பட்டவர். என் ஒப்பந்தத்திலும் அப்படித்தான். நிறுவனம் ஏமாற்றவில்லை, முதல் நாளே தன் பங்கை முடித்துவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு என்ன நடந்தாலும் அதற்கு எந்தப் பொறுப்பும் இல்லை. கூட்டில் அப்படி இல்லை. இந்த மாதம் வாங்கியவர் அடுத்த மாதம் கொடுப்பவர். கட்டு இரண்டு பக்கமும் இருப்பதால் ஒருவருக்கு முடியாதபோது மற்றவர் தளர்த்த முடிந்தது.

நாம் பணத்தைக் கட்டுகிறோம். பில் கட்டுகிறோம், காடிக்குக் கட்டுகிறோம், வீட்டுக்குக் கட்டுகிறோம். மாட்டைக் கட்டுவதற்கும் அதே சொல்தான். கட்டே இல்லாமல் வாழ்வதுதான் சுதந்திரம் என்று லோ யாட்டில் நின்றபோது நினைத்தேன். அந்த 1,299 வெள்ளியை நான் சேர்க்க முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன்பு பத்துப் பெண்கள் ஒருவரோடு ஒருவர் கட்டுண்டு கிடந்தது. அதைத் தம்பி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டான்.

அவனுக்கு லைன் எடுத்துத் தரவில்லை. அம்மாவின் புதுக் கூட்டில் சேர்த்துவிட்டோம். பன்னிரண்டு பேர், மாதம் நூறு வெள்ளி. அவன் முறை எட்டாவது மாதம். அதுவரை என் பழைய போன்தான், உடைந்த கண்ணாடியோடு. முறைத்துக்கொண்டேதான் வாங்கிப் போனான்.

நானும் சேர்ந்திருக்கிறேன். "உனக்கு என்னடி வாங்கணும்?" என்று அம்மா கேட்டார். வாங்க ஒன்றும் இல்லை. யாருக்காவது அவசரமாக வேண்டிவரும் ஒரு மாதத்தில் விட்டுக்கொடுக்க என்னிடமும் ஒரு முறை இருக்க வேண்டும், அவ்வளவுதான்.