கம்பளிக்குக் கட்டிய வீடு

இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷரில் உள்ள பைபரியை அந்நாட்டின் மிக அழகான கிராமம் என்று கவிஞர் வில்லியம் மோரிஸ் சொன்னார். அங்கே கோல்ன் ஆற்றை ஒட்டி நிற்கும் ஆர்லிங்டன் ரோ என்ற கல்வீட்டு வரிசையின் படம், பிரிட்டிஷ் கடவுச்சீட்டின் உள்ளட்டையிலும் சில காலம் இருந்தது. லண்டனில் குடியேறிய ஈழத்துப் பெண்கள் பலர், தாம் நேரில் பார்த்திராத அந்தக் கூரைகளைக் கைப்பையில் சுமந்திருப்பார்கள். ஒரு வீட்டை அழகு என்று சொல்லும்போது நாம் எங்கே நிற்கிறோம்? பெரும்பாலும் வாசலுக்கு வெளியே.

இது மனிதர்களுக்காகக் கட்டப்பட்டதல்ல. 1380இல் துறவி மடமொன்றின் கம்பளிக் கிடங்காக எழுந்தது என்கிறார்கள். பதினேழாம் நூற்றாண்டில் அதைத் தடுத்து நெசவாளர் வீடுகளாக்கினார்கள். கம்பளி கிடக்க ஈரமில்லாத இடம் போதும், வெளிச்சம் தேவையில்லை. கையால் வேலை செய்பவருக்கு வெளிச்சம்தான் முதலில் வேண்டும். கூரைச் சரிவில் துருத்தி நிற்கும் சின்ன மாடச் சன்னல்களை நாம் படத்தில் ரசிக்கிறோம். எனக்கு அவை, கிடங்கில் குடியேறியவர்கள் வெளிச்சத்துக்காகக் கூரையைக் கிழித்த இடங்களாகவே தெரிகின்றன.

கூரையைச் சொல்லாமல் விட முடியாது. சுவர் போலவே அதுவும் சுண்ணாம்புக்கல். இறவாணத்தில் அகலமான கற்பலகைகள், மேலே போகப் போகச் சிறுத்து, முகட்டருகே மிகச் சிறியவை. அந்தக் கல் நீரை உறிஞ்சும், அதனால் மழை தங்காமல் ஓடச் சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். அந்தப் பக்கத்துக் குவாரிகள் சிலவற்றில், வெட்டிய கல்லை ஈரத்தோடு குளிர்காலம் முழுக்க வெளியில் கிடத்துவார்கள். உறைபனியே அதை ஏடு ஏடாகப் பிளந்து தரும்.

‘நெசவாளர் வீடுகள்’ என்ற பெயர்தான் என்னை உறுத்துகிறது. ஒரு தறிக்கு இழை கொடுக்கப் பல பெண்கள் நூற்க வேண்டும். தறிக்கு வீடு இருக்கிறது, வரிசை இருக்கிறது, வரலாறும் இருக்கிறது. ஆனால் ராட்டை? சமையலுக்கும் பிள்ளைக்கும் நடுவே, எந்த வீட்டின் எந்த மூலையிலும் அது சுழன்றது. அதனால் எந்தக் கட்டடத்துக்கும் அதன் பெயரில்லை. நூற்பவள் என்று பொருள்பட்ட ‘ஸ்பின்ஸ்டர்’ என்ற சொல் மணமாகாதவளைக் குறிக்கும் சட்டச் சொல்லாகி, பிறகு ஏளனமாகத் தேய்ந்தது. (சங்கப் பாடல்களிலும் ஆண்துணையற்ற பெண் நூற்பவளாக வருகிறாள். பனுவல் என்ற சொல்லுக்கு இழை, புத்தகம் என்று இரு பொருள். இரண்டாவது பொருளில் அவளுக்கு எவ்வளவு பங்கு கொடுத்தோம்?)

வீடுகளுக்கு முன்னால் உள்ள ஈரநிலத்தின் பெயர் ரேக் தீவு. துணி உலர்த்திய சட்டங்களால் வந்த பெயர். சட்டங்களுக்குக்கூட ஒரு பெயர் மிஞ்சியிருக்கிறது.

பழைய கட்டடங்களைப் ‘புதுப்பித்து’ அழிப்பதை எதிர்த்து மோரிஸ் 1877இல் ஒரு சங்கம் தொடங்கினார். காலம் கல்லில் விட்ட தடங்களைச் சுரண்டி எடுக்காதீர்கள் என்பதே அதன் வாதம். அதில் எனக்கு மறுப்பில்லை. இன்று இந்த வரிசையை நேஷனல் டிரஸ்ட் காப்பதும் நல்லதே. இடித்துவிட்டால் கேள்வி கேட்கவும் இடமிருக்காது. ஆனால் எது தடம்? அதே மாவட்டத்தின் செட்வொர்த்தில் இருந்த கல்வீடொன்றை வாங்கி, கல் கல்லாகப் பிரித்து, கப்பலேற்றி மிச்சிகனில் மறுபடி எழுப்பினார் ஹென்றி ஃபோர்டு. கல் போய்ச் சேர்ந்தது. அந்த அடுப்படியில் குனிந்த முதுகுகளை எந்தப் பெட்டியில் ஏற்றியிருக்க முடியும்?

கம்பளி நூற்கும் பெரிய ராட்டையில் உட்கார்ந்து வேலை நடக்காது. ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, மறு கையில் இழையை இழுத்தபடி பின்னால் நடக்க வேண்டும். பிறகு முன்னால் வந்து சுற்றிக்கொள்ள வேண்டும். மறுபடி பின்னால். அப்படிப்பட்ட வீட்டுக்குள் போகிறவர்கள் சன்னலருகே நின்று, எதிர்ச்சுவர் வரை எத்தனை எட்டு என்று பின்னோக்கி நடந்து எண்ணிப் பார்க்கலாம். டிசம்பரில் அங்கே பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை.