விடாத கருப்பும் விழித்த மனமும்

சென்ற மாதம் ஞாயிறு வழிபாடு முடிந்து அன்பர்கள் கலைந்து செல்லும் வேளையில், நம் செவியில் ஒரு சொல் விழுந்தது. பூசைத் தட்டிலிருந்த பழத்தை எடுக்கப்போன தன் சிறு மகனைத் தடுத்த ஓர் இளந்தாய், "எடுக்காதேடா! புத்தர் பார்த்துக்கொண்டிருக்கிறார். கண்ணைக் குத்திவிடுவார்!" என்றார். குழந்தை கையை இழுத்துக்கொண்டது. அருகிலிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். ஆயினும் வீடு சேரும் வரையில் அச்சொல் நம்மை விட்டகலவில்லை. எவர் கண்ணையும் குத்தாத பெருமானைக் கண்ணைக் குத்தும் காவற்காரராக நாம் எப்போது ஆக்கினோம்?

இவ்வெண்ணம் உறுத்திக்கொண்டிருந்த நாளிலேயே, பழைய தொலைக்காட்சித் தொடரொன்று மீண்டும் நம் கண்முன் வந்தது. நம் தமக்கையின் பேரன் கைப்பேசியில் எதையோ கண்டுகொண்டிருந்தான். இருட்டு, குதிரைக் குளம்பொலி, கையில் அரிவாள் ஏந்திய ஓர் உருவம். "தாத்தா, இதைப் பார்த்திருக்கிறீர்களா?" என்றான். "விடாது கருப்பு" என்று உடனே சொன்னோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்பெயர் நாவில் நின்றது வியப்பே.

இளைய வாசகர்களுக்காகச் சிறிது கூறுவோம். 1990-களின் பிற்பகுதியில், கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனம் "மர்மதேசம்" என்னும் பொதுப்பெயரில் தொடர்கள் சிலவற்றைத் தயாரித்தது. அவற்றுள் ஒன்று "விடாது கருப்பு". இந்திரா சௌந்தர்ராஜன் தம்முடைய "விட்டு விடு கருப்பா" என்னும் நாவலைத் தழுவி எழுத, நாகா இயக்கினார். சன் தொலைக்காட்சியில் வாரந்தோறும் வந்தது. அந்நாளில் பெங்களூரில் நாம் குடியிருந்த சந்தில் கேபிள் இணைப்பு ஒரு வீட்டிலேதான் இருந்தது. ஆலையில் இரவு ஷிப்டு இல்லாத வாரங்களில் நாமும் அவ்வீட்டுத் திண்ணையில் நின்று, சன்னல் வழியே பார்த்தோம். எழுத்தாளர் 2024 நவம்பரில் மறைந்தார். தொடர் மறையவில்லை, யூடியூபில் ஏறி, அன்று பிறக்காதவர்களையும் அச்சுறுத்திக்கொண்டிருக்கிறது.

கதை இதுவே. ஒரு சிற்றூர். தவறு செய்தவன் எவனாயினும், குதிரையேறி வரும் கருப்பு அவனைத் தண்டிக்கும் என்பது ஊரார் நம்பிக்கை. தண்டனைகளும் நடக்கின்றன. ஒரு சிறுவனின் இளமைக் காலத்துக்கும் அவன் ஆளான காலத்துக்குமிடையே கதை மாறி மாறிச் செல்கிறது. எது கனவு, எது நனவு, எது தெய்வச் செயல், எது மனிதச் செயல் என்று பிரித்தறிய இயலாதபடி காட்சிகள் பின்னப்பட்டிருக்கின்றன. முடிவில் வேடம் விலகும்போது உள்ளே நிற்பவன் ஒரு மனிதன். அதிலும், தானே கருப்பாகிறோம் என்பதைத் தானே அறியாத மனிதன்! ஒருவனுள் இருவர் குடியிருப்பதாகிய அந்த மனநோயின் பெயரை மருத்துவ உலகம் 1994-இல் மாற்றியமைத்தது. 2005-இல் "அந்நியன்" திரைப்படம் அதையே பெரிய திரையில் காட்டியது. கதைகளில் வருவதுபோல் அந்நோயாளிகள் அரிவாள் தூக்குபவர்கள் அல்லர். பெரும்பாலும் பிறரால் துன்புற்றவர்கள். இதை மறவாமல் மேலே செல்வோம்.

முதன்முறை பார்த்தபோது நம் வினா, "குதிரையில் வருபவன் யார்?" என்பது ஒன்றே. வாரம் முழுதும் ஆலை வாயிலில் அதுவே பேச்சு. இம்முறை விடை தெரிந்தே பார்த்தோம். ஆகவே அச்சம் எழவில்லை. வேறொரு வினா எழுந்தது. குதிரையில் வருபவன் யாராயினும் ஆகட்டும். அவன் வரவேண்டுமென்று அவ்வூர் ஏன் விரும்பியது? கொல்லப்பட்டவன் தீயவன் என்று கேட்டதும், எப்படிக் கொல்லப்பட்டான், குற்றம் மெய்யா என்று எவரும் ஆராயவில்லையே! "கருப்பு தண்டித்தது" என்ற ஒரு சொல் எல்லாக் கேள்விகளையும் அடைத்துவிடுகிறது. வேடம் தெய்வத்தினுடையது, கை மனிதனுடையது, ஒப்புதலோ ஊருடையது.

நம் நாட்டில் மட்டும் உள்ள மயக்கம் அன்று இது. அமெரிக்காவில் 1990, 1991 ஆம் ஆண்டுகளில் "ட்வின் பீக்ஸ்" என்றொரு விந்தைத் தொடர் வந்தது. டேவிட் லிஞ்ச், மார்க் ஃபிராஸ்ட் இருவரும் படைத்தனர். அதையும் மக்கள் மறக்கவில்லை. 2017-இல் அதே கதை மீண்டும் தொடரப்பட்டது. அங்கும் ஓர் இளம்பெண்ணைக் கொன்றவன் யார் என்பதே வினா. கொன்றவன் அவளைப் பெற்ற தந்தை. ஆனால் அவனுள் ஒரு தீய ஆவி புகுந்திருந்ததென்று கதை காட்டுகிறது. அந்த ஆவி மெய்யாகவே உள்ளதா, அன்றி மனிதர் செய்யும் தீமைக்கே நாம் இட்ட பெயரா என்று கதைமாந்தரே நின்று யோசிக்கின்றனர். கடல் கடந்தும் மனித உள்ளம் ஒன்றே: தன் கை செய்ததைப் பிறிதொன்றின் தலையில் ஏற்ற அது விரும்புகிறது.

பிறர் கதை இருக்கட்டும். நம் கதை ஒன்று உண்டு. இதுவரை எவ்விதழிலும் எழுதாதது.

அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1991-இல் நாம் திரிசரணம் ஏற்றோம். சுவரிலிருந்த படங்களை இறக்கினோம். அதற்குச் சில ஆண்டுகளுக்குப் பின், இத்தொடர் ஓடிக்கொண்டிருந்த நாளில், நாம் வேலை செய்த ஆலையில் ஒரு திருட்டு நடந்தது. சீட்டுப் பணம் நாலாயிரம் ரூபாய், ஒரு தோழரின் சோற்றுப் பையிலிருந்து காணாமற்போயிற்று. மேற்பார்வையாளரிடம் சொன்னால் போலீசு வரும். பலருக்கு வேலை போகும். ஆகவே தோழர்கள் கூடி, ஆலைக்கு அருகே மரத்தடியிலிருந்த முனீசுவரன் கோயிலில் எல்லாரும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்வதென்று முடிவு செய்தனர். "நீ சாமி கும்பிடாதவன், யாருக்கும் சார்பில்லாதவன். தட்டை நீயே பிடி" என்றனர். மறுத்திருக்க வேண்டும், மறுக்கவில்லை. நம்மை நடுவராக்கினார்கள் என்ற பெருமிதம் மறுக்க விடவில்லை.

ஒருவர்பின் ஒருவராக வந்து கற்பூரத்தை அணைத்தனர். நூற்புப் பகுதியில் வேலை செய்த பெரியவர் ஒருவர் மட்டும் தட்டின் முன் வந்து நின்று, நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "பிள்ளை குட்டிகள் தலையில் கையை வைத்ததுபோல் ஆகிவிடும், தம்பி. எனக்கு மனம் துணியவில்லை" என்றார். கூட்டம் ஒன்றும் சொல்லவில்லை. அவரைத் திரும்பி நோக்கியது. அவ்வளவே. மறுநாள் முதல் அவரோடு எவரும் அமர்ந்து உண்ணவில்லை. நாமும் அமரவில்லை. மூன்று வாரங்களில் கணக்கை முடித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். தீபாவளி போனசு நாளில் உண்மை வெளிப்பட்டது. பணத்தை எடுத்தவன், பணம் பறிகொடுத்தவரின் மைத்துனனே. அன்று எல்லாருக்கும் முன்பாக வந்து, சற்றும் நடுங்காமல் கற்பூரத்தை அணைத்தவன் அவன்!

பின்னர் அப்பெரியவரின் ஊரை விசாரித்துச் சென்றோம். நாம் சென்றபோது அவர் உயிரோடில்லை. அவருடைய மனைவியார் நமக்குத் தண்ணீர் கொடுத்தார். எதற்காக வந்தோம் என்பதைச் சொல்ல நமக்கு நா எழவில்லை. குடித்துவிட்டுத் திரும்பினோம்.

அன்பர்காள்! இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்குங்கால் விளங்குவது யாது? சத்தியம் திருடனைப் பிரித்துக் காட்டவில்லை. அஞ்சுபவனையே பிரித்துக் காட்டிற்று. நம்பிக்கையுள்ளவன் உண்மைக்கும் நடுங்கினான். நம்பிக்கையற்றவன் பொய்க்கும் நடுங்கவில்லை. அன்று முனீசுவரன் வரவில்லை. கருப்பும் குதிரையேறி வரவில்லை. ஒரு குடும்பத்தின் சோற்றைப் பறித்தவர்கள் நாம். தட்டைப் பிடித்திருந்த கை, ஐந்து சீலங்களை ஏற்றபோது கூப்பிய அதே கை. தொடரில் தானே கருப்பாவதை அறியாத மனிதனை இம்முறை கண்டபோது, சன்னலுக்கு வெளியே நின்று பார்த்த அந்தப் பழைய நம்மையே திரையில் கண்டோம்.

காவல் தெய்வங்களை இகழ்வது நம் கருத்தன்று. அழகர் கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பர் சந்நிதிக் கதவின் முன் வழக்குரைத்துச் சத்தியம் செய்யும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. நீதிமன்றப் படியேற வழியில்லாத ஏழைகள் வேறெங்கே போவார்கள்? வலியவன் பொய் சொல்லத் தயங்கும் இடம் ஒன்றாவது உலகில் இருக்கட்டும் என்ற ஏக்கமே அக்கதவாக நிற்கிறது. அந்த ஏக்கம் நேர்மையானது. ஆயின் அச்சம் ஒரு கருவி. அக்கருவி வலியவன் கைக்கு மாற நெடுநேரம் ஆகாது. மாறியபின், யார் குற்றவாளி என்பதைத் தெய்வம் சொல்வதில்லை. தெய்வத்தின் பெயரால் பேசுகிறவன் சொல்கிறான்.

அங்ஙனமாயின் காவல் யாது? சாதகக் கதைகளில் ஒன்று இதற்கு விடை கூறுகிறது. ஓர் ஆசிரியர் தம் மகளை ஒழுக்கமுள்ள மாணவனுக்கே மணமுடிக்க எண்ணினார். மாணாக்கர் ஐந்நூற்றுவரையும் அழைத்து, அவரவர் உறவினர் வீட்டிலிருந்து எவரும் காணாதபடி ஆடை அணிகளைத் திருடிக் கொண்டுவரச் சொன்னார். எல்லாரும் கொண்டுவந்தனர். ஒருவன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். காரணம் கேட்டபோது, எவரும் காணாத இடம் தனக்குக் கிடைக்கவில்லை என்றான். வேறெவரும் இல்லாத இடத்திலும் தான் இருந்தானாம்! அவனே போதிசத்துவன். அவனை அஞ்சுவிக்க ஒரு தெய்வமும் அக்கதையில் குதிரையேறி வரவில்லை என்பதைக் கவனிக்க.

இதனையே பகவான் இரண்டு பண்புகளாக வகுத்தருளினார். பாலியில் ஒன்று ஹிரி, மற்றொன்று ஒத்தப்பம். தமிழில் நாணம் என்றும் பழியச்சம் என்றும் சொல்லலாம். தன்னை மதிப்பதால் தீமைக்குக் கூசுவது முன்னது. பிறருக்கு நேரும் கேட்டையும் சான்றோர் பழிப்பையும் எண்ணிப் பின்வாங்குவது பின்னது. இவ்விரண்டையும் உலகத்தைக் காப்பவை என்றே நூல்கள் அழைக்கின்றன. காவல் தெய்வம் இருந்த இடத்தில் தம்மம் வைத்தது வேறொரு தெய்வத்தையன்று. விழித்த மனத்தையே வைத்தது. நம் வள்ளுவரும் நாணுடைமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

"ஒத்தப்பமும் அச்சந்தானே? கருப்பின்மேல் கொண்ட அச்சத்தைவிட அது எவ்வாறு உயர்ந்தது?" என்று சிலர் வினவலாம். நல்ல வினா. அகப்பட்டுக்கொள்வோமோ என்று அஞ்சுவது வேறு. செய்துவிடுவோமோ என்று அஞ்சுவது வேறு. முதலாவது அச்சம், பார்க்கும் கண் மூடியதும் தீர்ந்துபோகும். ஒருமுறை தண்டனை வரத் தவறினால் பிறகு எக்காலும் எழாது. அந்த மைத்துனனுக்கு எழாததுபோல. இரண்டாவது அச்சம், எவரும் காணாவிடத்திலும் கையைப் பிடிக்கும். கூட்டம் முழுதும் ஒருவனைத் திரும்பி நோக்கும்போது, "சற்றுப் பொறுங்கள், ஆராய்வோம்" என்று சொல்லும் துணிவையும் கொடுக்கும். அன்று நமக்கு வேண்டியிருந்தது அதுவே. நம்மிடம் இல்லாதிருந்ததும் அதுவே.

"குழந்தைக்கு நாணமும் பழியச்சமும் விளங்குமா? அச்சுறுத்தினால்தானே கேட்கிறது?" என்றும் வினவலாம். அச்சுறுத்தினால் உடனே கேட்கும், மெய்தான். ஆனால் கேட்பது கை மட்டுமே. மனமோ, புத்தர் எப்போது திரும்பிக்கொள்வார் என்று பார்த்துக்கொண்டிருக்கும். அப்பழம் வழிபாட்டுக்குப் பின் எல்லாக் குழந்தைகளுக்கும் பகிர்ந்தளிக்க வைத்தது. "நீ இப்போது எடுத்தால் கடைசியில் ஒரு பிள்ளைக்கு இல்லாமற்போகும், அந்தப் பிள்ளை அழும்" என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்கும் விளங்கும். ஒத்தப்பத்தின் அரிச்சுவடி அவ்வளவே. பத்துமுறை சொல்ல வேண்டியிருக்கலாம். நமக்கே இன்னும் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது!

நாம் படங்களை இறக்கினோம், ஆணிகளைப் பிடுங்கவில்லை. அதே ஆணியில் புத்தரை மாட்டி, அவர் கையில் அரிவாளைக் கொடுத்தோமானால், மதம் மாறினோமேயன்றி மனம் மாறினோமில்லை. கருப்பு விடாது என்பார்கள். விடாதது கருப்பன்று, பிறர் அஞ்சுவதைக் கண்டு மகிழும் நம் ஆசையே. அதை விடுவதற்கு நாள்தோறும் விழிப்பு வேண்டும்.

அடுத்த ஞாயிறன்று அத்தாயைக் கண்டு இவற்றைப் பேசினோம். அவரைக் குறை கூறுவதற்காகவன்று. தட்டு ஏந்திய நம் கதையையே சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாதிருந்து, "அந்தப் பெரியவர் வீட்டு அம்மா இன்னும் இருக்கிறாரா, ஐயா?" என்று கேட்டார். தெரியாது என்றோம். "போய்ப் பார்த்து வாருங்கள், ஐயா. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வாருங்கள்" என்றார்.

இம்முறை தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்புவதாக இல்லை. வைகாசி பௌர்ணமிக்கு முன் போகிறோம்.