குழந்தைகளின் வழக்கை யார் விசாரிக்கலாம்?

திருவனந்தபுரம் பூஜப்புரையில் மத்தியச் சிறை இருக்கிறது. சிறுவர்களுக்கான கூர்நோக்கு இல்லமும் அதே பகுதியில்தான். ஆனால் சிறுவர்களை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமம் எப்படி நடக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் வேறு முறை வைத்திருக்கிறது. உயரமான மேடை கூடாது, சாட்சிக் கூண்டு கூடாது. ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் சேர்ந்து உட்கார வேண்டும்; அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி பெரும்பான்மை முடிவே செல்லும். சமூகப் பணியாளர்கள் இருவரும் ஒரே கருத்தாக நின்றால் மாஜிஸ்திரேட்டின் கருத்து எடுபடாது.

சட்டம் படிக்காதவர் தீர்ப்புச் சொல்வதா என்று கேட்கும் வழக்கறிஞர்கள் உண்டு. பதினைந்து வயதுப் பையன் பைக் திருடியதாகக் கொண்டுவரப்படுகிறான். எந்தப் பிரிவு என்பதை மாஜிஸ்திரேட் பார்த்துக்கொள்வார். அவன் எப்போது பள்ளியை விட்டு நின்றான், வீட்டில் யார் இருக்கிறார்கள், திருப்பி அனுப்பினால் யாரிடம் போய்ச் சேருவான் என்பதையெல்லாம் கேட்டறிய வேறு பழக்கம் வேண்டும். சட்டப் படிப்பு மட்டும் போதாது என்பதை உச்ச நீதிமன்றமே ஏற்றிருக்கிறது: கொடுங்குற்ற வழக்கில் 16 வயது நிரம்பியவரின் மனத்திறனை மதிப்பிடும்போது, குழுமத்தில் உளவியல் படித்தவர் இல்லாவிட்டால் நிபுணர் உதவியைக் கட்டாயம் பெற வேண்டும் என்று 2022இல் சொன்னது.

ஆகவே தகுதி பற்றிய சண்டையில் பெரிய ஆபத்து இல்லை. சமூகப் பணியாளருக்குச் சட்டம் கேட்கும் ஏழு ஆண்டு அனுபவத்தைச் சான்றிதழ் காட்டி நிரூபித்துவிடலாம். ஆனால் அந்த உறுப்பினர் யாருடைய ஆள் என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லாது.

வாளையாரில் 2017இல் அக்கா தங்கை இருவர், 13 வயதும் 9 வயதும், இரண்டு மாதத்துக்குள் அடுத்தடுத்து இறந்தார்கள். அந்த மரணங்கள் தொடர்பான வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவருக்காக ஆஜரான வழக்கறிஞர் பாலக்காடு மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராகவும் இருந்தார். பாதுகாப்புத் தேவைப்படும் குழந்தைகள் விஷயத்தில் மாஜிஸ்திரேட்டின் அதிகாரம் கொண்ட குழு அது. 2019 அக்டோபரில் தீர்ப்பு விடுதலையாக வந்து ஊரே கொதித்த பிறகுதான் அரசு அவரை நீக்கியது. குற்றம் சாட்டப்பட்டவருக்கு வாதாடுவது தவறே இல்லை. வாதாட ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவரே குழந்தைகளின் காவலராகவும் உட்கார முடியாது.

தலைநகர் திருவனந்தபுரத்திலும் 2021இல் இதே கேள்வி வேறு வடிவில் எழுந்தது. தாய் தேடிக்கொண்டிருந்த குழந்தையைத் தத்துக் கொடுக்க நலக் குழு அனுமதித்தது. ஆளுங்கட்சிச் செல்வாக்கு பற்றிய புகார்கள் கிளம்பின. நவம்பரில் குடும்ப நீதிமன்றம் குழந்தையைத் தாயிடம் ஒப்படைத்தது.

குழந்தைகள் இல்லம் நடத்துபவர் அதே மாவட்ட நலக் குழுவில் உறுப்பினராக முடியாது என்று அந்தச் சட்டத்தின் 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. நல்ல விதிதான், ஆனால் பாதி வழியில் நின்றுவிட்டது. சிறிய ஊரில் யாருக்கும் யாரோடாவது தொடர்பு இருக்கத்தான் செய்யும், இப்படித் தோண்டினால் ஓய்வுபெற்ற அதிகாரிகள்தான் மிஞ்சுவார்கள் என்பார்கள். இருக்கலாம். தொடர்பே இருக்கக்கூடாது என்று யாரும் கேட்கவில்லை. ஆண்டுதோறும் அதை எழுதிக் கொடுக்க வேண்டும், அந்தத் தாளை யார் கேட்டாலும் காட்ட வேண்டும். வக்காலத்து என்பது நீதிமன்றக் கோப்பில் கிடக்கும் ஆவணம். அதைத் தெரிந்துகொள்ள ஊர் கொதிக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.