அச்சத்தால் அறம் நிலைபெறுமா?

தீமையைத் தீமையால் ஒழித்தல் கூடுமா என்னும் வினா மிகப் பழமையானது. நெடுங்காலம் மிதிக்கப்பட்ட மக்களுக்கோ அஃது ஏட்டு வினா அன்று, வாழ்க்கை வினா. பிறப்பினால் தாழ்ந்தவர் எனப்பட்டுக் கிணற்றடியிலும் தெருவிலும் தடுத்து நிறுத்தப்பட்டோர் மரபில் வந்த நாம், ‘அடித்தாலன்றி அவர்கள் திருந்தமாட்டார்கள்’ என்னும் சொல்லைப் பலமுறை கேட்டிருக்கிறோம். நம் உள்ளத்திலேயே அச்சொல் எழுந்ததும் உண்டு. ஆகலின் இதனை ஒளிக்காமல் ஆராய்தல் நம் கடமை. அதற்குத் தக்க சான்றாக 1789-இல் தொடங்கிய பிரெஞ்சுப் புரட்சியை எடுத்துக்கொள்வோம்.

அந்நாட்டு மக்கள் மூன்று வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். குருமார் முதல் வகுப்பினர்; பிரபுக்கள் இரண்டாம் வகுப்பினர்; மக்கட்தொகையில் மிகப் பெரும் பகுதியினரான ஏனையோர் மூன்றாம் வகுப்பினர். அரசனுக்கு நிலவரியும் உப்புவரியும், கோயிலுக்குத் தசமபாகமும், பிரபுவுக்குப் பரம்பரைக் கடமைகளும் செலுத்தியவன் குடியானவன். பெரும் வரிகளினின்று விலக்குப் பெற்றவர்களோ மேலிரு வகுப்பினர். பிறப்பே தகுதியாக நின்ற இவ்வமைப்பின் தன்மையை நமக்கு எவரும் விளக்க வேண்டுவதில்லை.

1789 ஜூலை 14-இல் பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்ந்தது. ஆகஸ்டு 4 இரவு தேசிய சபை பிரபுக்களின் தனியுரிமைகளை ஒழிக்கத் தீர்மானித்தது. ஆகஸ்டு 26-இல் மனித உரிமைப் பிரகடனம் பிறந்தது. ஆயினும் குறிப்பிட்ட அளவு வரி செலுத்தும் ஆடவருக்கே வாக்குரிமை அளிக்கப்பட்டது. பிறப்பின் வேலி விழுந்த இடத்தில் பணத்தின் வேலி எழுந்தது.

அதனை எதிர்த்து நின்றவர்களுள் ஒருவர் ரோபஸ்பியேர் என்னும் வழக்கறிஞர். ஏழைக்கும் வாக்குரிமை வேண்டும் என்றார். யூதருக்குக் குடியுரிமை வேண்டும் என்றார். 1791 மே 30-இல் மரண தண்டனையை முற்றிலும் நீக்க வேண்டும் என்று சபையில் வாதாடினார். கையூட்டு வாங்காதவர் என்று ஊரார் அவருக்குப் பட்டம் சூட்டினர். இவரைக் கொடியவர் என்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டால் நாம் கற்கவேண்டிய பாடத்தை இழந்துவிடுவோம். கொடியவன் கொலை செய்வதில் வியப்பில்லை. கொலையை வெறுத்த நல்லவர் எவ்வாறு கொலைக்கருவியைக் கையிலெடுத்தார் என்பதே நம் கேள்வி.

1792-இல் ஆஸ்திரியாவோடும் பிரஷ்யாவோடும் போர் மூண்டது. 1793 ஜனவரியில் மன்னன் பதினாறாம் லூயி சிரச்சேதம் செய்யப்பட்டான். பின்னர் இங்கிலாந்தும் பகைவரோடு சேர்ந்தது; உள்நாட்டில் வாந்தே மாகாணத்தில் கலகம் எழுந்தது. 1793 மார்ச்சில் புரட்சி நீதிமன்றம் நிறுவப்பட்டது. ஜூலை 27-இல் ரோபஸ்பியேர் பொதுப் பாதுகாப்புக் குழுவில் அமர்ந்தார். செப்டம்பரில் சந்தேகத்துக்குரியோர் சட்டம் வந்தது. குற்றம் செய்தவனைப் பிடித்தல் போய், குற்றம் செய்யக்கூடும் என்று கருதப்பட்டவனைப் பிடித்தல் முறையாயிற்று. நல்லொழுக்கமும் அச்சுறுத்தலும் இணைந்தே குடியரசைக் காக்கவேண்டும் என்று 1794 பிப்ரவரியில் அவரே வாதித்தார்.

விளைவு யாது? நாடெங்கும் ஏறத்தாழ 17,000 பேர் தீர்ப்பின் பேரில் கொல்லப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பிரபுக்கள் அல்லர். குடியானவரும் கைத்தொழிலாளரும் சிறு வணிகருமே. எவர் பொருட்டு வாள் உருவப்பட்டதோ அவர் கழுத்திலேயே அது விழுந்தது. பெண்களுக்கும் உரிமைப் பிரகடனம் எழுதிய ஒலிம்ப் தெ கூஜ் அம்மையார் 1793 நவம்பரில் கொலைமேடை ஏறினார். புரட்சி நீதிமன்றம் அமைய முன்னின்ற தாந்தோன், 1794 ஏப்ரலில் அதே நீதிமன்றத்தால் கொல்லப்பட்டார்.

ஆபத்துக் காலத்தில் வேறு வழியில்லை என்று சிலர் கூறுவர். அதனையும் சோதித்துப் பார்ப்போம். 1794 ஜூன் 10-இல் ஒரு சட்டம் வந்தது. குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு வழக்கறிஞர் இல்லை. தீர்ப்பு விடுதலை அல்லது மரணம், இரண்டே. ஜூன் 26-இல் பிளூருஸ் போர்க்களத்தில் பிரெஞ்சுச் சேனை பெருவெற்றி பெற்றது. ஆபத்து விலகத் தொடங்கிற்று, கொலையோ குறையவில்லை. அச்சட்டத்துக்குப் பின் ஏழு வாரங்களுக்குள் பாரிஸ் நகரில் மட்டும் 1,300-க்கு மேற்பட்டோர் மாண்டனர். அச்சத்தை ஆளும் கருவியாகக் கொண்டவன் தானே அச்சத்துக்கு அடிமையாகிறான். அடுத்த பெயர் எவருடையதோ என்று அஞ்சிய உறுப்பினர் ஒன்றுகூடி, ஜூலை 27-இல் ரோபஸ்பியேரை வீழ்த்தினர். மறுநாள் அவர் தலையும் விழுந்தது. அவர் குழுவில் அமர்ந்து சரியாக ஓராண்டு ஆகியிருந்தது. 1804-இல் அந்நாட்டில் நெப்போலியன் சக்கரவர்த்தியாக முடிசூடிக்கொண்டான்.

எனினும் ஓர் எதிர்வாதத்தை நாம் மறைத்தலாகாது. 1789 கோடையில் குடியானவர் மாளிகைகளைத் தாக்கிக் கடமைப் பத்திரங்களை எரித்திராவிடில், ஆகஸ்டு 4-ஆம் நாள் தீர்மானம் எழுந்திருக்குமா? எழுந்திராது என்றே நினைக்கவேண்டும். இன்னும் ஒன்று: 1794 பிப்ரவரியில் பிரெஞ்சு சபை குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது, 1802-இல் நெப்போலியன் அதனை மீண்டும் அனுமதித்தான். சான் தொமிங்கோ தீவின் கறுப்பு மக்கள் தம்மை மீண்டும் விலங்கிட வந்த சேனையை எதிர்த்துப் போரிட்டு, 1804-இல் விடுதலை பெற்றனர். அவர்களையும் பாரிஸ் கொலைமேடையையும் ஒரே தராசில் நிறுத்தல் நீதியாகாது.

இங்கே பாபாசாகேப் அம்பேத்கர் ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் நூலில் காட்டும் பாகுபாடு நமக்கு விளக்காகும். கொல்லவேண்டிய தேவை வேறு. கொல்லும் விருப்பம் வேறு. முன்னது தன்னையும் பிறரையும் காக்கும் கடைசி நிலை. பின்னது பழக்கமாகிப் பின் கொள்கையாகிவிடும். பாரிஸில் தேவை விருப்பமாக மாறிய நாளை எவரும் குறித்துவைக்கவில்லை, மாறியவர்களும் அறியவில்லை. அதுவே அச்சத்துக்குரியது.

தீக நிகாயத்தில் சக்கவத்தி சீஹநாத சூத்திரம் ஒன்றுண்டு. வறியோர்க்குப் பொருள் வழங்கத் தவறிய ஓர் அரசனின் நாட்டில் வறுமை பெருகிற்று. வறுமையால் களவு பிறந்தது. களவை ஒடுக்க அரசன் தலைவெட்டத் தொடங்கினான். அதைக் கண்ட கள்வரும் வாளெடுத்தனர், களவு கொலையாயிற்று, பொய்யும் பகையும் தொடர்ந்து மக்களின் ஆயுளே குறைந்தது. அரசனது வாளே குடிகளுக்கு வாளைக் கற்பித்தது என்பது அதன் கருத்து. வறுமையை நீக்காத ஆட்சி தண்டத்தால் அமைதி காணாது. வறுமையை நீக்கவே எழுந்த ஆட்சியும் தண்டத்தையே நம்புமாயின் அதே பாதையில் வீழும்.

சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்னும் மூன்று சொற்களையும் உலகெங்கும் முழங்கியது பிரெஞ்சுப் புரட்சியே. ஆனால் தாம் அவற்றை அங்கிருந்து பெறவில்லை, புத்தரிடமிருந்தே பெற்றதாக அம்பேத்கர் 1954 அக்டோபரில் வானொலியில் உரைத்தார். இவ்வேறுபாடு சிறிதன்று. சுதந்திரத்தைச் சட்டம் தரலாம். சமத்துவத்தை ஓரளவு சட்டம் காக்கலாம். சகோதரத்துவத்தை எந்தச் சட்டமும், எந்த வாளும் பிறப்பிக்க இயலாது. அதற்கு மனம் பண்படவேண்டும். பாரிஸில் இழந்தது அம்மூன்றாவதையே. அதை இழந்தபின் ஏனைய இரண்டும் நிற்கவில்லை.

நம் கையில் இராஜ்யம் இல்லையே, இப்பாடம் நமக்கெதற்கு என்று எண்ணவேண்டா. ஒரு சங்கத்தின் செயலாளர் பதவியும் அதிகாரமே. ஒரு குடும்பத்தின் தலைமையும் அதிகாரமே. மாறுபட்ட கருத்தை உரைத்த உபாசகரைச் சமூகத் துரோகி என்று முத்திரை குத்தும்போது, நம் சபையிலும் சந்தேகச் சட்டம் நுழைந்துவிடுகிறது. மனைவியும் மக்களும் நம்மைக் கண்டு நடுங்குவதை மரியாதை என்று கருதும்போது, நம் வீட்டிலும் அச்சம் அரசாளுகிறது.

அநீதியை எதிர்த்தலில் நாம் ஒருபோதும் தளரலாகாது. பொறுத்துப் போதல் தம்மம் என்று நமக்கு உபதேசிப்போர் பலர். அஃது அவர்களது வசதி, புத்தர் வாக்கன்று. ஆனால் எதிர்க்கும்போதே நம் உள்ளத்தையும் காவல் செய்தல் வேண்டும். ‘இச்செயல் தேவையினின்று எழுகிறதா, விருப்பினின்று எழுகிறதா?’ என்று ஒவ்வொரு முறையும் நம்மை நாமே வினவுவோமாக. அவ்வினாவைக் கேட்க மறந்ததனால் ஒரு நல்லவர் கெட்டார். அவரோடு ஒரு பெருங்கனவும் கெட்டது. நாம் அதனை மறவாதிருப்போமாக.