மரப்பாச்சியும் நாற்காலியும்

வேற்றூரில் குடியேறி வாழும் நம்மனோர்க்கு வீட்டை நிரப்புவது எளிய செயலன்று. ஊரிலிருந்து கொணர்ந்தவை ஒரு பித்தளைக் குடமும் சில பாய்களுமாக இருக்க, ஏனையவற்றை வந்த இடத்திலேயே தேடிக்கொள்ள வேண்டியிருக்கிறது. எதனை வாங்குவது, எதனை விடுப்பது, எவ்வளவு செலவிடுவது என்னும் வினாக்களை நாம் பணப்பையின் வினாக்களாகவே கருதிவிடுகிறோம். அவற்றுள் அறத்தின் வினாவும் ஒன்று மறைந்து கிடக்கிறது. அதனையே ஈண்டு எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

வருவாய்க்குத் தக்க செலவு வேண்டும் என்பதைத் தமிழர்க்கு யாரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. வள்ளுவர் அதனை வாழ்க்கைத் துணைநலத்தில் இல்லாளின் மாண்பாக வைத்தார். பின்னர், அரசனது வலியைப் பேசும் வலியறிதல் அதிகாரத்திலும் அளவறிந்து வாழ்தலைச் சேர்த்தார். வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும் அவருக்கு ஒன்றே போலும்! பிறர் கண்ணுக்காக வாங்கும் பண்டங்களைப் பற்றியும் நெடிது பேசத் தேவையில்லை. ரேணிகுண்டாவில் வாழ்வோர் வீட்டிற்குத் திருமலை செல்லும் உறவினர் வருகை என்றும் ஓய்வதில்லை. கூடத்தை அடைத்துக்கொண்ட சோபாவில் மூவர் அமரலாம். அதனை அகற்றினால் எண்மர் பாய் விரித்து உறங்கலாம். இது நிற்க.

நம் வருவாய்க்கு அடங்கியதும், நமக்கு உண்மையில் தேவையானதுமான ஒரு பொருளை வாங்குகிறோம் எனக் கொள்வோம். அதன்பின் கேள்வி ஏதும் இல்லையா? உண்டு என்றார் ஜே. சி. குமரப்பா. 1892-இல் தஞ்சையில் பிறந்து, இலண்டனில் கணக்கியல் பயின்று, பின் காந்தியடிகளின் கிராமத் தொழில் இயக்கத்திற்கு உழைத்தவர் அவர். கடைக்கு வரும் ஒவ்வொரு பண்டத்தோடும் அறமதிப்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டே வருகிறது என்பது அவர் கருத்து. திருட்டுப் பொருளை அறிந்தே வாங்குபவன் திருட்டில் பங்காளியாவது போல, கட்டாய உழைப்பில் விளைந்த பொருளை வாங்குபவனும் அக்கொடுமையில் பங்காளியாகிறான். ஆப்பிரிக்கத் தோட்டங்களில் விளைந்த கோகோவை அவர் எடுத்துக்காட்டினார். நமக்கோ அவ்வளவு தொலைவு செல்ல வேண்டியதில்லை. ரேணிகுண்டாவிலிருந்து மேற்கே நோக்கினால் தெரியும் சேஷாசல மலையே போதும்.

அம்மலையிலும் அதனை அடுத்த கிழக்குத் தொடர்ச்சி மலைப்பகுதிகளிலும் அன்றி வேறெங்கும் செம்மரம் இயற்கையாகப் பெருகி வளர்வதில்லை. தெலுங்கர் அதனை எர்ரசந்தனம் என்பர். அதன் வைரம் முதிரப் பல பதிற்றாண்டுகள் செல்லும். சீனத்தில் பழைய அரச மரபுப் பாணியில் செய்யப்படும் செந்நிற நாற்காலிகளுக்கும் பேழைகளுக்கும், ஜப்பானிய நரம்பிசைக் கருவிகளுக்கும் இம்மரம் பெரிதும் விரும்பப்படுகிறது. 1995 முதல் உலக உடன்படிக்கை ஒன்று இதன் வணிகத்தைக் கட்டுப்படுத்தி வருகிறது. ஆயினும் கள்ளக்கடத்தல் ஓயவில்லை. வெட்டச் செல்வோருள் மிகப் பலர் தமிழகத்து மலையூர்களைச் சேர்ந்த கூலிமக்கள். 2013 டிசம்பரில் இக்காட்டில் வனத்துறையினர் இருவர் கொல்லப்பட்டனர். 2015 ஏப்ரல் 7 அன்று தமிழகத்தைச் சேர்ந்த 20 பேர் இங்கே சுட்டுக் கொல்லப்பட்டனர். தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல்துறை. மனித உரிமை அமைப்பினர் அதனை ஏற்கவில்லை. வழக்கின் நீதியை ஆராய்வது நம் பணியன்று. எங்கோ ஒரு செல்வர் தம் கூடத்திற்கு அழகான நாற்காலி ஒன்று விரும்பினார். அவ்விருப்பத்தின் விலை, அவர் அறியாத மலையொன்றில் அவர் அறியாத மனிதரால் செலுத்தப்பட்டது. அவருடைய கணக்குப் புத்தகத்தில் இச்செலவு ஏறியிராது.

அவர் தீயவர் என நாம் சொல்லவில்லை. அவர் நம்மைப் போன்றவர் என்பதே நம்மை உறுத்துகிறது. நம் கூடத்துக் கம்பளத்தை நெய்த கைகள் எவருடையவை என்று கேட்டிருக்கிறோமா? பதோகி, மிர்சாப்பூர் வட்டாரத் தறிகளில் சிறார் உழைப்பு நெடுங்காலம் நிலவியது. வாங்குவோர் கேட்கத் தொடங்கிய பின்னரே, 1994-இல், சிறார் உழைப்பின்றி நெய்த கம்பளத்திற்கு முத்திரையிடும் ஏற்பாடு பிறந்தது. கேட்பதனால் யாது பயன் என்பார்க்கு இது ஒரு விடை.

எல்லாப் பொருளின் வரலாற்றையும் எவரால் அறிய இயலும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அறிய இயலாவிடின் உன் வாங்குதலைச் சுருக்கிக்கொள். உன் கண்ணுக்கு எட்டும் வட்டத்திற்குள் வாங்கு என்பது குமரப்பாவின் விடை. இது கடுமையான விடை. மின்விசிறியும் குளிர்பெட்டியும் உள்ள இன்றைய வீட்டில் இதனை முழுதும் கைக்கொள்வார் அரியர், நாமும் கைக்கொண்டிலோம். ஆயினும் மரச்சாமான், பாய், துணி, மட்கலம் ஆகியவற்றிலேனும் இது இயலாததன்று. செய்தவரைக் காணும் தொலைவிலேயே இவை கிடைக்கின்றன. காளத்தியில் கையால் எழுதிய கலம்காரித் துணியை, எழுதியவர் கையிலிருந்தே வாங்கலாம். அதற்குச் சற்று மிகுதியாகக் கொடுப்பதை வீண்செலவு என்று நாம் எண்ணவில்லை. மலிவே சிக்கனம் என்று கொள்வாரோடு இங்கே நாம் மாறுபடுகிறோம்.

செம்மரத்தில் நம் முன்னோர்க்கும் பங்கு இருந்தது. மணப்பெண்ணுக்குச் சீரோடு தந்த மரப்பாச்சி இணை அம்மரத்தால் ஆனதே. திருப்பதியில் கடைந்து விற்ற அப்பொம்மை சாண் அளவினது. கொலுவில் முதலிடம் பெறும், குழந்தைக்கு விளையாட்டாகும், உரைத்துப் பூச மருந்துமாகும். பாட்டி கையிலிருந்து பேத்தி கைக்கு வந்து, இன்றும் பல வீடுகளில் இருக்கிறது. ஒரு நாற்காலிக்கு வேண்டும் மரத்தில் இத்தகைய இணைகள் எத்தனை செய்யலாம் என்று தச்சர் எவரையேனும் கேட்டுப் பார்க்கலாம்.