குதிரைக்கும் உண்டு அபய தானம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் நம் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்வெட்டு 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்றைப் பற்றியும், அங்கிருந்த மருத்துவர், மருந்துகள் பற்றியும் விரிவாகக் கூறுகிறது. பிணி தீர்ப்பது அறம் என்பதில் முன்னோர்க்கு ஐயம் இருந்ததில்லை. நால்வகைத் தானங்களுள் ஔஷத தானத்தையும் அபய தானத்தையும் அருகருகே வைத்தது ஜினதருமம். ஆயின் ஒரு மருந்தைச் சோதிக்க வேறோர் உயிர் துன்புற நேர்ந்தால், நாம் எத்தானத்தின் பக்கம் நிற்பது?

இவ்வினா குதிரையைப் பொறுத்தவரை மிகவும் பொருந்தும். கிண்டி கிங் நிலையத்தில் நெடுங்காலம் குதிரைகளின் உடலில் சிறிது சிறிதாக நஞ்சேற்றி, அவற்றின் குருதியிலிருந்தே பாம்புக்கடிக்கு மருந்து எடுத்தனர். பிழைத்த மனிதர் பலர். அக்குதிரைகளின் பெயரை அறிந்தவர் எவருமிலர்.

இன்று குதிரைகளுக்காகவே மரபணு மாற்றிய தடுப்பூசிகள் வந்துள்ளன. 2007இல் ஆஸ்திரேலியாவில் குதிரைக் காய்ச்சல் பரவியபோது, கேனரிப் பறவையின் அம்மைக் கிருமியில் காய்ச்சல் கிருமியின் மரபணுவைச் சேர்த்து ஆக்கிய ஊசி, அவசர அனுமதியின்பேரில் போடப்பட்டது. நம் நாட்டில் 2008இல் ஜம்முவை அடுத்த கட்ராவில், யாத்திரிகரைச் சுமக்கும் குதிரைகளிடையே இக்காய்ச்சல் தோன்றிப் பல மாநிலங்களுக்குப் பரவியது. நோயும் துன்பம், சோதனையும் துன்பம் என்னும் நிலை இது.

“சோதனையே வேண்டா, அது ஹிம்சை” என்பர் சிலர். சோதியாத மருந்தைக் கொடுத்தால் நாட்டிலுள்ள குதிரைகள் அனைத்துமே சோதனைப் பொருளாகிவிடும் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். 1901இல் அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரில் ஜிம் என்னும் குதிரையின் குருதியிலிருந்து தொண்டை அடைப்பான் நோய்க்கு மருந்து எடுத்தனர். அக்குதிரைக்கு இசிவு நோய் கண்டிருந்தும், அம்மருந்து முறையாகச் சோதிக்கப்படாமல் வெளிச்சென்றது. 13 குழந்தைகள் மாண்டனர். மறு ஆண்டே அந்நாட்டில் இத்தகைய மருந்துகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிறந்தது.

“பலருக்கு நன்மையெனில் எதுவும் தகும்” என்பாரும் உளர். அவ்வழியில் சென்றால் வாயற்ற உயிர் எதுவும் எஞ்சாது.

தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சையை வரையறுக்கையில் பிரமாதத்தை, அதாவது அசட்டையை, அதன் மூலமாகக் காட்டுகிறது. நடப்பதிலும் பொருளை எடுத்து வைப்பதிலும் விழிப்போடிருக்க வேண்டும் என்பதே சமிதி. மருந்துச் சோதனைக்கு வகுக்கப்படும் விதியும் ஒரு சமிதியே எனக் கொள்வோம். நம் நாட்டில் மரபணு மாற்றிய உயிரிகளுக்கு 1989ஆம் ஆண்டு விதிகள் உள்ளன. பிராணிகள் மீது செய்யும் சோதனைகளை 1960ஆம் ஆண்டு வதைத் தடைச் சட்டமும் 1998ஆம் ஆண்டு விதிகளும் கட்டுப்படுத்துகின்றன. கூடுமானவரை சோதனையைத் தவிர்க்குமாறு அச்சட்டமே கூறுகிறது. ஆனால் பெரிய பிராணிக்குப் பதில் சிறிய பிராணி போதுமாயின் அதனையே கொள்ளுமாறும் கூறுகிறது. இவ்விடத்தில் நம் அறம் அதனோடு முழுதும் உடன்பட இயலாது. எலிக்கும் முயலுக்கும் ஐம்பொறிகள் உண்டு. உடல் சிறிதாயின் வலியும் சிறிதாகிவிடுமா?

ஆதலால் நாம் கேட்க வேண்டியவை மூன்று. உயிரற்ற முறையால் அறியக்கூடியதை உயிர்மீது சோதித்தல் ஆகாது. சோதனை தேவையே எனின், நோயால் துன்புறும் அவ்வினத்தின் நன்மைக்காகவே, இயன்ற அளவு குறைந்த எண்ணிக்கையில், வலி தணித்து நடத்தல் வேண்டும். சோதனை முடிந்தபின் அவ்வுயிரைக் கைவிடாது, ஆயுள் முழுதும் காத்தல் வேண்டும். மூன்றாவதைச் செய்ய அரசை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பிஞ்சராப்போல்களை நடத்திவரும் சமண சமூகத்துக்கு அது புதிய பணியன்று.

துன்பத்தை முற்றிலும் ஒழிக்க இயலாத இல்லறத்தார் நாம். எனினும் நம் பொருட்டுத் துன்புற்ற உயிரின் கணக்கை மறவாதிருத்தல் நம்மால் இயலும். அந்நினைவே அணுவிரதத்தின் தொடக்கம் ஆகுக!